ஹாம் ரேடியோ கிட்: டொராய்டு காயிலைக் கையால் சுற்றுவது எப்படி?

பழைய கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? மெதுவடை போல நடுவில் ஓட்டையுடன் ஒரு வளையம் இருக்கும். அதன் மேல் செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். பழைய மதர்போர்டுகளில் பிராசசருக்குப் பக்கத்தில் இதன் தம்பிகள் இரண்டு மூன்று வரிசையாக நிற்பார்கள். இந்த வளையத்துக்குத்தான் டொராய்டு என்று பெயர்.

கம்ப்யூட்டரில் இதை மெஷின் சுற்றிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் ஹாம் ரேடியோ கிட் வாங்கினால் வளையம் தனியாகவும் கம்பி தனியாகவும் ஒரு பாலித்தீன் கவரில் வரும். சுற்ற வேண்டியது நீங்கள்தான்! ரெசிஸ்டர், கெபாசிட்டர், ஐ.சி. என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் பற்றவைத்து முடித்தவர்கள் இந்தக் கவரைப் பார்த்ததும் கிட்டை மூடி பீரோவில் வைத்துவிடுகிறார்கள். சேத்தியாத்தோப்பில் என்னிடம் சந்தேகம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த ரகம்தான். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சுற்றுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கிட் வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு: வளையம் மாறிப் போயிருக்கும், அல்லது கம்பியின் எனாமல் சரியாகச் சுரண்டப்பட்டிருக்காது. நாம் நம் கையைச் சந்தேகப்படுகிறோம், வளையத்தைச் சந்தேகப்படுவதில்லை.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். கேட்பதற்கான ரிசீவரைக் கட்டிப் பழகுவது வேறு. டிரான்ஸ்மிட்டரை ஆன்டெனாவில் மாட்டிப் பேசுவது வேறு. இரண்டாவதற்கு மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் ஏ.எஸ்.ஓ.சி. தேர்வில் பாஸ் செய்து லைசென்ஸ் வாங்க வேண்டும். மோர்ஸ் தெரியாதவர்கள் ரெஸ்ட்ரிக்டட் கிரேடு எழுதலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்து முதலில் தகவல் அனுப்பியவர்களில் அங்கே முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழுவும் ஒன்று. நம் கடலூர் மாவட்டக் கடற்கரையும் அன்று அடிவாங்கியது. அதன் பிறகுதான் இந்தப் பக்கத்தில் பலருக்கு ஹாம் என்ற வார்த்தையே தெரிய வந்தது.

வளையம் ஏன்?

நீளமான குழாய் மேல் கம்பியைச் சுற்றினாலும் காயில்தான். ஆனால் அதன் காந்தப் புலம் இரு முனைகளிலும் வெளியே சிதறும். பக்கத்தில் இன்னொரு காயில் இருந்தால் ஒன்றின் சிக்னல் மற்றதில் ஏறும். அதனால்தான் பழைய ரேடியோக்களில் காயில்களுக்கு அலுமினியக் கூடு போட்டார்கள். வளையத்தில் முனையே கிடையாது. காந்தப் புலம் வளையத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. கூடு தேவையில்லை, இடமும் மிச்சம். தீப்பெட்டி அளவு இடத்தில் மூன்று காயில்களை நிற்க வைக்கலாம்.

கம்ப்யூட்டருக்கும் இந்த வளையத்துக்கும் பழைய உறவு உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-ல் செயல்பாட்டுக்கு வந்த டிஃப்ராக் கம்ப்யூட்டரின் மெமரி, ஃபெரைட் வளையங்களால் ஆனது. 40 பிட் கொண்ட 2,048 சொற்கள் அதன் கொள்ளளவு. ஒரு பிட்டுக்கு ஒரு வளையம் என்று கணக்குப் போட்டால் எத்தனை வளையங்களில் கம்பி நுழைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கிட்டில் பத்து வளையம் இருந்தாலே அதிகம்!

இரண்டு ஜாதி வளையம்

இங்கேதான் குழப்பம் ஆரம்பம். கிட்டில் வரும் வளையங்களில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை இரும்புத் தூள் வளையம். மிக நுண்ணிய இரும்புத் தூளைப் பசையுடன் கலந்து அச்சில் அழுத்திச் செய்கிறார்கள். மேலே கலர் பெயின்ட் அடித்திருக்கும். கலர் அழகுக்கு அல்ல, அதுதான் பெயர்ப் பலகை. முழுச் சிவப்பு என்றால் 2-ஆம் நம்பர் கலவை. முழு மஞ்சள் என்றால் 6-ஆம் நம்பர். ஹாம் கிட்டுகளில் ஃபில்டர் காயில்களுக்கு வருவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

இரண்டாவது வகை ஃபெரைட். கறுப்பு அல்லது அடர் சாம்பல் நிறம். பெரும்பாலும் பெயின்ட் இருக்காது. இது உலோகம் அல்ல, பீங்கான் வகை! எங்கள் ஊரில் இருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் விருத்தாசலம். அங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்று பாலிடெக்னிக்கும் இருக்கிறது. அந்தச் சூளைகளில் பொம்மை வேகும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு ஃபெரைட்டைப் புரியவைப்பது சுலபம். களிமண்ணுக்குப் பதிலாக இரும்பு ஆக்சைடு. அதனுடன் நிக்கல், துத்தநாகம், மாங்கனீசு ஆக்சைடுகளில் தேவையானவை. தூளாக்கி, அச்சில் அழுத்தி, ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் சூளையில் வைத்து வேகவைக்கிறார்கள். பச்சைப் பொம்மை வெந்ததும் சுருங்குவது போல இதுவும் சுருங்கும். கோப்பை கீழே விழுந்தால் உடைவது போல இதுவும் உடையும். ஃபெரைட் வளையத்தைத் தரையில் போட்டுவிட்டீர்களா? எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முடி போல ஒரு விரிசல் இருந்தாலும் அதன் இண்டக்டன்ஸ் இறங்கியிருக்கும்.

இந்த ஃபெரைட்டை 1930-ல் டோக்கியோவில் கண்டுபிடித்தவர்கள் யோகோரோ கட்டோ, டக்கேஷி டக்கேய் என்ற இரு விஞ்ஞானிகள். அதை விற்பதற்காக 1935-ல் ஆரம்பித்த கம்பெனிதான் டி.டி.கே. ஆம், கேசட்டில் பார்த்த அதே டி.டி.கே.!

இரண்டுக்கும் வேலை வேறு. குறிப்பிட்ட அளவு இண்டக்டன்ஸ் மாறாமல் வேண்டும் என்றால் இரும்புத் தூள். அதனால் ஃபில்டர், டியூனிங் இரண்டிலும் அது வரும். சில சுற்றிலேயே நிறைய இண்டக்டன்ஸ் வேண்டும் என்றால் ஃபெரைட். டிரான்ஸ்ஃபார்மர், சோக் இரண்டும் அதில். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது.

பெயரைப் படிப்பது எப்படி?

கிட்டின் கையேட்டில் டி37-6 என்று இருந்தால்: ‘டி’ என்பது இரும்புத் தூள் டொராய்டு. 37 என்பது வெளி விட்டம், ஒரு அங்குலத்தில் நூற்றில் 37 பங்கு. அதாவது சுமார் 9.5 மில்லிமீட்டர். கடைசி 6 என்பது கலவை, எனவே மஞ்சள். டி50-2 என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர், சிவப்பு. முன்னால் ‘எஃப்’ சேர்ந்து எஃப்டி37-43 என்று இருந்தால் அது ஃபெரைட், கலவை 43.

ஃபெரைட்டில் ஒரு சிக்கல் உண்டு. 43, 61 இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான். காந்தம் வைத்துப் பார்த்தாலும் இரண்டும் ஒட்டும். கண்டுபிடிக்க ஒரே வழி, பத்து சுற்று சுற்றி அளந்து பார்ப்பது. 37 அளவு வளையத்தில் 61 கலவை என்றால் 5.5 மைக்ரோஹென்றிக்குப் பக்கத்தில் காட்டும். 43 என்றால் 35 முதல் 42 வரை காட்டும். ஏழு மடங்கு வித்தியாசம் இருப்பதால் ஏமாற வாய்ப்பில்லை.

எத்தனை சுற்று?

கையேட்டிலேயே போட்டிருக்கும். இருந்தாலும் கணக்குத் தெரிந்திருப்பது நல்லது. ஒவ்வொரு வளையத்துக்கும் ஏ.எல். என்று ஒரு எண் உண்டு. இரும்புத் தூள் வளையத்துக்கு அது நூறு சுற்றுக்கு எத்தனை மைக்ரோஹென்றி என்று சொல்கிறது. டி37-6-க்கு 30, டி37-2-க்கு 40, டி50-6-க்கு 40, டி50-2-க்கு 49. சூத்திரம் இது:

சுற்று = 100 × √(வேண்டிய மைக்ரோஹென்றி ÷ ஏ.எல்.)

7 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டருக்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு லோ பாஸ் ஃபில்டரில் மூன்று காயில்கள். ஓரத்து இரண்டும் 1.38 மைக்ரோஹென்றி, நடுவில் உள்ளது 1.70. கால்குலேட்டரில் போடுங்கள். 1.38-ஐ 30-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, நூறால் பெருக்கினால் 21.4. நடுக் காயிலுக்கு 23.8. அரைச் சுற்று என்பது டொராய்டில் கிடையாது. எனவே 21, 24, 21. இந்தக் கணக்கைப் போட ‘மினி ரிங் கோர் கால்குலேட்டர்’ என்ற இலவச விண்டோஸ் புரோகிராம் உண்டு. வளையத்தின் பெயரையும் இண்டக்டன்ஸையும் கொடுத்தால் சுற்றும் கம்பி நீளமும் சொல்லிவிடும்.

கவனம்! ஃபெரைட் பட்டியல்களில் ஏ.எல். என்பது ஆயிரம் சுற்றுக்கு மில்லிஹென்றி. புதிய பட்டியல்கள் ஒரு சுற்றின் வர்க்கத்துக்கு நானோஹென்றி என்று தருகின்றன. இரும்புத் தூளுக்கு அப்படித் தந்தால் 30 என்பது 3.0 ஆகிவிடும். எந்த அலகு என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்தால் கணக்கு எங்கோ போய்விடும்.

இண்டக்டன்ஸ், சுற்றின் வர்க்கத்தைப் பொறுத்தது. 21-க்குப் பதில் 22 சுற்றினால் ஏறக்குறைய 10 சதவீதம் கூடிவிடும். அதனால்தான் எண்ணிக்கையில் இவ்வளவு கறார்.

கம்பி எங்கே கிடைக்கும்?

கிட்டில் வந்த கம்பி போதவில்லை என்றால் ஆன்லைனில் தேட வேண்டாம். நம் ஊர்களில் தெருவுக்கு ஒரு மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கிறது. கரும்பும் நெல்லும் உள்ள இடத்தில் பம்ப்செட்டும் இருக்கும், பம்ப்செட் இருந்தால் காயில் கட்டுகிறவரும் இருப்பார். நான் போய், “அண்ணே, 30 கேஜ் அஞ்சு மீட்டர் வேணும்” என்று கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். “மீட்டர் கணக்கு ஏது தம்பி, நிறுத்துத்தான் குடுப்போம்” என்றார். நூறு கிராம் வாங்கினேன். 30 கேஜில் நூறு கிராம் என்பது சுமார் 140 மீட்டர். ஒரு காயிலுக்கு 30 சென்டிமீட்டர் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

கேஜ் சொல்லும்போது ஒரு விஷயம். வெளிநாட்டுக் கிட்டுகளில் போட்டிருப்பது அமெரிக்க கேஜ், அதாவது ஏ.டபிள்யூ.ஜி. நம் கடைகளில் பேசுவது எஸ்.டபிள்யூ.ஜி. இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்க 28 கேஜ் என்பது 0.32 மில்லிமீட்டர், நம் கடையில் அதற்கு 30 கேஜ் கேட்க வேண்டும். அமெரிக்க 26-க்கு நம் 27. அமெரிக்க 24-க்கு நம் 25. எண்ணைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது. கொஞ்சம் தடிமன் கூடினாலும் குறைந்தாலும் இண்டக்டன்ஸ் அதிகம் மாறாது. ஓட்டைக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஃபேன், மிக்ஸி கட்டுகிறவரிடம் மெல்லிய கம்பி இருக்கும். போர்வெல் சப்மெர்சிபிள் மோட்டார் மட்டும் கட்டுகிறவரிடம் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிதான் இருக்கும், அது நமக்கு உதவாது.

கடைக் கம்பிக்கும் கிட் கம்பிக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. கிட்டுடன் வரும் கம்பியின் எனாமல் பெரும்பாலும் சால்டரிங் அயர்ன் சூட்டிலேயே உருகிப் போகும் ரகம். மோட்டார் கம்பி அப்படி அல்ல. மோட்டார் சூடாகும் என்பதற்காகவே சூடு தாங்கும் எனாமல் போட்டிருக்கிறார்கள். அயர்னை எவ்வளவு நேரம் வைத்தாலும் அது அசையாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

இனி சுற்றலாம்

முதலில் நீளம். டி37 வளையத்தில் ஒரு சுற்றுக்கு சுமார் 12 மில்லிமீட்டர் பிடிக்கும். டி50-ல் 16 மில்லிமீட்டர். இதைச் சுற்றின் எண்ணிக்கையால் பெருக்கி, இரு முனைக்கும் சேர்த்து ஐந்து சென்டிமீட்டர் கூட்டிக் கொள்ளுங்கள். 21 சுற்றுக்கு 30 சென்டிமீட்டர். கம்பியில் மடிப்பு விழுந்திருந்தால் இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுத்து நேராக்குங்கள்.

வளையத்தை இடது கைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். கம்பியை ஓட்டை வழியாக ஒருமுறை விடுங்கள். நின்று எண்ணுங்கள்: இது ஒன்று! பலர் இதைப் பூஜ்யம் என்று நினைக்கிறார்கள். வெளிப்பக்கத்தைச் சுற்றி வந்த பிறகுதான் ஒன்று என்று எண்ணுகிறார்கள். டொராய்டில் விதி ஒன்றே ஒன்றுதான். கம்பி ஓட்டைக்குள் எத்தனை முறை போகிறதோ அத்தனை சுற்று. வளையத்துக்குள் கம்பியைச் சும்மா நேராக விட்டாலே அது ஒரு சுற்று. எனவே முடித்த பிறகு எண்ணும்போது வெளிப்பக்கத்தை எண்ணாதீர்கள். உள்பக்கத்தை எண்ணுங்கள். மொபைலில் ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்து எண்ணினால் கண்ணுக்கு வேலை குறைவு.

ஒவ்வொரு சுற்றையும் இறுக்கி இழுத்து, வளையத்தோடு ஒட்ட வைக்க வேண்டும். தொளதொள என்று விட்டால் மதிப்பு மாறும். அதற்காகக் கம்பி அறும் அளவுக்கு இழுக்கவும் வேண்டாம். ஃபெரைட்டின் ஓரம் சில சமயம் கூர்மையாக இருக்கும். இறுக்கி இழுத்தால் எனாமலைச் சீவிவிடும். சுற்றுகளை வளையம் முழுவதும் சமமாகப் பரப்புங்கள். ஆனால் முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒட்டிக் கொள்ளக் கூடாது. கடிகாரத்தில் ஒரு மணி நேர இடைவெளி அளவுக்கு, அதாவது 30 டிகிரி, காலியாக விடுங்கள்.

நாற்பது சுற்றுக்குப் பக்கத்தில் வந்தால் நீளமான கம்பியை ஒவ்வொரு தடவையும் ஓட்டைக்குள் இழுப்பது பெரிய தொல்லை. அதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. கம்பியின் நடுப்பகுதியை வளையத்தில் வைத்து ஆரம்பியுங்கள். ஒரு பாதியை வலப்பக்கமாகச் சுற்றி முடித்துவிட்டு, மீதிப் பாதியை இடப்பக்கமாகச் சுற்றுங்கள். இழுக்க வேண்டிய நீளம் பாதியாகக் குறையும். முதல் பாதியை மேலிருந்து கீழாக நுழைத்திருந்தால் மறுபாதியைக் கீழிருந்து மேலாக நுழைக்க வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒரே சுருளின் தொடர்ச்சியாக இருக்கும்.

2017-ல் வந்த கியூ.ஆர்.பி. லேப்ஸின் கியூ.சி.எக்ஸ். கிட்டைக் கட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதில் ‘டி1’ என்ற ஒரே வளையத்தில் நான்கு சுருள்கள். ஒன்று நீளம், மூன்று குட்டை. எட்டு முனைகள், எட்டு ஓட்டைகள். கிட்டின் மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு வளையத்துக்குத்தான் மக்கள் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. நான்கையும் ஒரே திசையில் சுற்ற வேண்டும், நடுவில் திசை மாறக் கூடாது. ஒவ்வொரு சுருளின் ஆரம்ப முனையிலும் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் முடிந்தது.

எனாமலைச் சுரண்டுங்கள்

என்னைக் கேட்டால் காயில் வேலையில் பாதி இதுதான். முனையில் ஒரு சென்டிமீட்டருக்கு எனாமலை பிளேடால் நான்கு பக்கமும் சுரண்டுங்கள். அல்லது மெல்லிய உப்புத்தாளை மடித்து நடுவே கம்பியை வைத்து இழுங்கள். தாமிரம் பளிச்சென்று வர வேண்டும். பிறகு அயர்னால் ஈயம் பூசுங்கள். ஈயம் வழவழப்பாகக் கம்பியைச் சுற்றிப் பிடித்தால் சரி. உருண்டை உருண்டையாக நின்றால் இன்னும் எனாமல் பாக்கி இருக்கிறது. சிலர் லைட்டரில் காட்டி எரிப்பார்கள். மெல்லிய கம்பிக்கு அது வேண்டாம். தாமிரம் கறுத்துப் பொடிந்து போகும்.

பி.சி.பி.யில் பற்றவைத்த பிறகு மல்ட்டி மீட்டரைக் கம்பியில் வைக்காதீர்கள், போர்டின் ஈயத்தில் வைத்துப் பாருங்கள். கம்பிக்கும் ஈயத்துக்கும் நடுவே எனாமல் இருந்தால் வெளியே பார்க்க ஜோராக இருக்கும். உள்ளே தொடர்பே இருக்காது.

இரட்டைக் கம்பி, மூன்று கம்பி

ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர்களில் ‘பைஃபைலர்’, ‘ட்ரைஃபைலர்’ என்று வரும். இரண்டு அல்லது மூன்று கம்பிகளைச் சேர்த்து முறுக்கி, ஒரே கம்பி போலச் சுற்றுவதுதான் அது. ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையைக் கை டிரில்லில் மாட்டித் திருப்பினால் அழகான முறுக்கு கிடைக்கும். சென்டிமீட்டருக்கு மூன்று முறுக்கு போதும்.

கலர் வித்தியாசம் இல்லாத கம்பி என்றால் எது எதன் முனை என்று தெரியாது. மல்ட்டி மீட்டரில் தொடர்பு பார்த்து ஜோடி ஜோடியாகப் பிரியுங்கள். சென்டர் டேப் வேண்டும் என்றால் ஒரு கம்பியின் ஆரம்பத்தை இன்னொன்றின் முடிவோடு சேர்க்க வேண்டும். ஆரம்பத்தோடு ஆரம்பம், முடிவோடு முடிவு என்று சேர்த்துவிட்டால் ஒன்றின் காந்தப் புலத்தை மற்றது அழித்துவிடும், வெளியே ஒன்றும் வராது. இங்கே சுற்று ஒன்று கூடினால் குடி முழுகாது. திசை மாறினால்தான் ஆபத்து. ஃபில்டரில் நேர் எதிர்: திசை எப்படி இருந்தாலும் சரி, எண்ணிக்கை மாறக் கூடாது.

மஞ்சளைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

விருத்தாசலம் பக்கத்தில் இருந்து ஒரு கல்லூரி மாணவர் வந்தார். புது லைசென்ஸ், புது கிட், 7 மெகாஹெர்ட்ஸ். ஐந்து வாட் வர வேண்டிய இடத்தில் பவர் மீட்டர் முள் அசையவே இல்லை. டிரான்சிஸ்டர்கள் தொட முடியாத சூடு. இரண்டு தடவை டிரான்சிஸ்டரை மாற்றிவிட்டார், அதற்கே ஆன காசுக்கு வருத்தப்பட்டார். “நான் சுத்தினது சரியில்லையா சார்?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. உண்மையில் கடையில் கட்டியது போல நேர்த்தியாகச் சுற்றியிருந்தார். 21, 24, 21. எண்ணிக்கை சரி. ஆனால் ஓரத்து வளையம் ஒன்று மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. உற்றுப் பார்த்தால் மூன்று பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் வெள்ளை. கிட்டில் வந்த வளையம் ஒன்று கட்டிலுக்கு அடியில் உருண்டு தொலைந்துவிட்டதாம். பழைய மதர்போர்டில் இருந்து மஞ்சள் வளையம் ஒன்றைக் கழற்றிப் போட்டிருக்கிறார்.

மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் அது 26-ஆம் நம்பர் கலவை. கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் மின்சாரத்தைச் சமன் செய்ய உருவாக்கியது. அந்த அளவு வளையத்தில் 21 சுற்று என்றால் 14 மைக்ரோஹென்றிக்கு மேல். வேண்டியதோ 1.38. பத்து மடங்கு! ஃபில்டர் வழியாக 7 மெகாஹெர்ட்ஸ் வெளியே போக முடியவில்லை. போகாத சக்தி டிரான்சிஸ்டரில் சூடாக இறங்கியது. அது மட்டும் அல்ல, அந்தக் கலவை ரேடியோ அதிர்வெண்ணில் தானே சக்தியைத் தின்னும்; எனவே சுற்றைக் குறைத்துச் சரிக்கட்டவும் முடியாது. பச்சையும் நீலமுமாக வரும் 52-ஆம் நம்பரும் இதே குடும்பம்தான். என்னிடம் இருந்த டி37-6 ஒன்றைக் கொடுத்தேன். அவரே உட்கார்ந்து சுற்றினார். அன்றைக்கே பவர் வந்துவிட்டது.

இதற்கு நேர் மாறான தவறில் ஆபத்து இன்னும் அதிகம். சுற்று குறைந்தால் பவர் மீட்டர் சந்தோஷமாகக் காட்டும். ஆனால் ஃபில்டர் தடுக்க வேண்டியதைத் தடுக்காது. 7 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும்போது 14-லும் 21-லும் உங்கள் சிக்னல் கேட்கும். கருவிக்கு ஒன்றும் ஆகாது, கெட்ட பெயர் உங்கள் கால் சைனுக்கு!

எஸ்.எம்.பி.எஸ். பற்றிச் சொன்னதால் ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெபாசிட்டர்களில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கும். வளையத்துக்கு ஆசைப்பட்டு அதில் கை வைக்க வேண்டாம்.

டேப் வாஷரில் ஒரு டிரான்ஸ்சீவர்

வளையமே கிடைக்கவில்லை என்றால்? இதற்கு நம் நாட்டிலேயே ஒருவர் பதில் கண்டுபிடித்தார். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான், கால் சைன் வி.யு.2.இ.எஸ்.இ. 2000-களின் தொடக்கத்தில் அவர் வடிவமைத்த பிட்எக்ஸ்20 என்ற டிரான்ஸ்சீவரில் காயில்களைத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நைலான் வாஷரில் சுற்றச் சொன்னார். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வாஷர்! நைலானுக்குக் காந்த குணம் கிடையாது. அது கம்பியைத் தாங்கும் சட்டம் மட்டும்தான். அதனால் சுற்று அதிகம் வேண்டும். மஞ்சள் வளையத்தின் கலவைக்குக் காந்தத் திறன் சுமார் 8.5. அதே அளவு நைலான் வளையத்தில் அதே இண்டக்டன்ஸ் வேண்டும் என்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு சுற்ற வேண்டியிருக்கும். வேலை அதிகம்தான். ஆனால் கோர் கிடைக்காத ஊர்க்காரர்களும் அதைக் கட்டினார்கள். பிற்பாடு 2016-ல் அவருடைய பிட்எக்ஸ்40 தயார் போர்டாக விற்பனைக்கு வந்தபோது அதில் உண்மையான டொராய்டுகள் இருந்தன. அவற்றைக் கையால் சுற்றிக் கொடுத்தது ஹைதராபாத்தில் ஒரு பெண்கள் குழு.

அளந்து பாருங்கள்

சுற்றி முடித்ததும் போர்டில் போடும் முன் அளப்பது நல்லது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ‘டிரான்சிஸ்டர் டெஸ்டர்’ இதற்கு உதவாது. அதன் இண்டக்டன்ஸ் அளவீடு 10 மைக்ரோஹென்றியில்தான் ஆரம்பம்; நம் காயில் ஒன்றரை மைக்ரோஹென்றி. தனி எல்.சி. மீட்டர் வேண்டும். அதைவிட நானோவிஎன்ஏ வாங்கினால் ஆன்டெனாவுக்கும் உதவும். யு.எஸ்.பி. கேபிளில் கம்ப்யூட்டருடன் இணைத்து, நானோவிஎன்ஏ சேவர் என்ற இலவச புரோகிராமில் 7 மெகாஹெர்ட்ஸிலேயே காயிலின் மதிப்பைப் படிக்கலாம். ஃபெரைட்டுக்கு இது ரொம்ப முக்கியம். குறைந்த அதிர்வெண்ணில் காட்டும் மதிப்பும் 7 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் மதிப்பும் ஃபெரைட்டில் ஒன்றாக இருக்காது.

இரும்புத் தூள் வளையத்தின் ஏ.எல். சுமார் ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், ஃபெரைட்டில் இருபது சதவீதம் வரை போகும். எனவே மீட்டர் 1.38 என்றே காட்ட வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். 1.3 காட்டினால் சுற்றுகளை விரலால் கொஞ்சம் நெருக்குங்கள், ஏறும். 1.5 காட்டினால் பரப்புங்கள், இறங்கும். இதற்காகத்தான் மோட்டார் போல வார்னிஷில் முக்கி எடுக்க வேண்டாம் என்கிறேன். முக்கிவிட்டால் அப்புறம் சுற்று நகராது. எல்லாம் சரியான பிறகு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தால் போதும். வளையத்தைப் போர்டில் கட்ட வேண்டும் என்றால் பிளாஸ்டிக் டை போடுங்கள். கம்பியால் வளையத்தைச் சுற்றிக் கட்டி முறுக்கினால் அது ஷார்ட் ஆன ஒரு சுற்றாகிவிடும்.

முதல் தடவை பவர் கொடுக்கும்போது ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு மாட்டிப் பாருங்கள். மீதியான வளையங்களை ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். மாத்திரை வரும் சிறிய கவரில் ஒவ்வொன்றாகப் போட்டு, பெயரையும் கலவை நம்பரையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு கறுப்பு வளையங்களைக் கையில் வைத்துக் கொண்டு எது 43, எது 61 என்று என்னிடம் கேட்டால், பத்து சுற்று சுற்றி அளந்து பாருங்கள் என்றுதான் சொல்வேன்.